வயிற்றுப் பிள்ளைக்கு இதயக் கோளாறு என்று தெரிந்த பிறகு

அனாமலி ஸ்கேனுக்கு, அதாவது வயிற்றுப் பிள்ளையின் உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்க்கிற ஸ்கேனுக்கு, போகிற எல்லோரும் கேட்க வேண்டிய ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். "இதயத்துல நாலு அறையும் நல்லாத் தெரியுது" என்று சொன்னதும் எழுந்து வந்துவிடாதீர்கள். இதயத்திலிருந்து வெளியே போகிற இரண்டு பெரிய ரத்தக் குழாய்களையும் பார்த்தாயிற்றா, அவை ஒன்றையொன்று குறுக்கே கடந்து போகின்றனவா என்று கேளுங்கள். எங்கள் மகனுக்கு நான்கு அறைகளும் நன்றாகத்தான் இருந்தன. குழாய்கள்தான் இடம் மாறியிருந்தன. திருநெல்வேலியில் ஸ்கேன் பார்த்த டாக்டர் அந்தக் குழாய்கள் சரியாகத் தெரியவில்லை என்று என்னைக் கொஞ்சம் நடந்துவிட்டு வரச் சொல்லி, மறுபடி படுக்க வைத்துப் பார்த்தார். அந்தப் பொறுமை அவருக்கு இல்லாமல் போயிருந்தால் என் மகன் தென்காசியில் ஏதோ ஒரு நர்சிங் ஹோமில் பிறந்திருப்பான். அவனுக்கு ஆபரேஷன் நடந்த சென்னை அங்கிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல்.

அப்போது எனக்கு 20வது வாரம். "ரெண்டு குழாயும் பக்கத்துல பக்கத்துல நேராப் போற மாதிரி தெரியுதும்மா. எனக்கு சந்தேகமா இருக்கு, ஃபீட்டல் எக்கோ எடுத்துருங்க" என்று சொல்லி மதுரையில் குழந்தைகள் இதய டாக்டர் ஒருவருக்குக் கடிதம் கொடுத்தார். ஃபீட்டல் எக்கோ என்பது வயிற்றுப் பிள்ளையின் இதயத்தை மட்டும் விவரமாகப் பார்க்கிற ஸ்கேன். மதுரை டாக்டர் வெகுநேரம் வயிற்றில் கருவியை வைத்து நகர்த்திக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. முடித்ததும் எங்கள் இருவரையும் உட்கார வைத்து, வெள்ளைத்தாளில் நீலப் பேனாவாலும் சிவப்புப் பேனாவாலும் வரைந்து காட்டினார்.

உடம்பிலிருந்து திரும்பி வருகிற கெட்ட ரத்தம் இதயத்தின் வலப்பக்கம் வந்து நுரையீரலுக்குப் போக வேண்டும். அங்கே சுத்தமாகி இடப்பக்கம் வந்து, மகாதமனி வழியாக உடம்புக்குப் போக வேண்டும். எங்கள் பிள்ளைக்கு மகாதமனி வலது கீழறையிலிருந்தும், நுரையீரல் குழாய் இடது கீழறையிலிருந்தும் கிளம்புகின்றன. நீல ரத்தம் நுரையீரலைப் பார்க்காமலே உடம்பைச் சுற்றிச் சுற்றி வரும். சிவப்பு ரத்தம் உடம்புக்குப் போகாமல் நுரையீரலையே சுற்றும். இதற்கு டிரான்ஸ்பொசிஷன் ஆஃப் கிரேட் ஆர்ட்டரீஸ் என்று பெயர், சுருக்கமாக டிஜிஏ. வயிற்றில் இருக்கும் வரை ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியாக வருவதாலும், எல்லாக் கருவுக்கும் இதயத்தில் இயல்பாக ஒரு துவாரமும், வெளியே இரண்டு குழாய்களையும் சேர்க்கும் ஒரு சிறு இணைப்பும் இருப்பதாலும் பிரச்சினை இல்லை. பிறந்த சில மணி நேரத்தில், அல்லது சில நாட்களில், இந்த வழிகள் தாமாகவே மூடத் தொடங்கும். "பொறக்குற நிமிஷம் வரைக்கும் பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது. அதுக்கப்புறம்தான் நமக்கு வேலை. அந்த வேலை தெரிஞ்ச இடத்துல பொறக்கணும், அவ்வளவுதான்" என்றார். அன்று அவர் சொன்னதில் எனக்குப் புரிந்து மனதில் நின்றது இந்த ஒன்றுதான்.

அந்தத் தாளை அவரிடமே கேட்டு வாங்கிக்கொண்டோம். நீங்களும் வாங்கிக்கொள்ளுங்கள். கோளாறின் முழுப் பெயரை டாக்டர் கையாலேயே எழுதி வாங்குங்கள். "ஹார்ட்ல ஓட்டையாம்" என்று வீட்டில் ஆரம்பித்தால், எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு ஓட்டை தானாக மூடிவிட்டது என்று ஆளாளுக்கு ஒரு கதை வரும். ஓட்டைகளில் சில தானாக மூடுவது உண்மைதான். டிஜிஏ தானாகச் சரியாகாது. அந்தப் படத்தைக் காட்டியபோதுதான் என் மாமனாருக்கே விஷயம் புரிந்தது.

ஃபீட்டல் எக்கோ அறையில் அழுகை முட்டிக்கொண்டு வரும், கேள்வி ஒன்றும் தோன்றாது. அதனால் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். இது பிறந்தவுடன் சிகிச்சை தேவைப்படும் கோளாறா, சில மாதம் பொறுக்குமா? பிரசவம் எங்கே நடக்க வேண்டும்? ஒரே ஆபரேஷனில் முடியுமா, வளர வளர இன்னும் தேவைப்படுமா? பச்சிளங்குழந்தைகளுக்கு இந்த ஆபரேஷனை வழக்கமாகச் செய்கிற இடங்கள் எவை? வேறு உறுப்புகளில் ஏதாவது தெரிகிறதா? பனிக்குட நீர் சோதனை தேவையா? எங்களுக்கு, டிஜிஏவோடு குரோமோசோம் கோளாறு சேர்ந்து வருவது அபூர்வம் என்றார்கள். வேறு சில இதயக் கோளாறுகளில் அப்படியல்ல, அந்தச் சோதனையை அவர்களே வலியுறுத்துவார்கள்.

கர்ப்பத்தைத் தொடர்வதா என்ற பேச்சும் வந்தது. 2021ல் திருத்திய சட்டப்படி, கருவுக்குப் பெரிய குறைபாடு என்று மருத்துவக் குழு முடிவு செய்தால் 24 வாரத்துக்குப் பிறகும் கலைக்க அனுமதி உண்டு என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். கூடவே, நல்ல மையங்களில் இந்த ஆபரேஷன் செய்த குழந்தைகளில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் பிழைத்து வீட்டுக்குப் போகிறார்கள் என்றும் சொன்னார். நாங்கள் தொடர்ந்தோம். இதே அறையில் உட்கார்ந்து, இதயத்தின் இடப்பக்கமே வளரவில்லை என்று கேட்டுவிட்டு வேறு முடிவெடுத்த ஒரு பெண்ணையும் எனக்குத் தெரியும். அவளை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். அந்த முடிவு அந்தத் தாய்க்கும் தகப்பனுக்கும் உரியது, மூன்றாம் பேருக்கு அதில் இடமே இல்லை.

ஊர்ப் பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். "கிரகணத்தன்னைக்கு வெளிய வந்தியாட்டி?" என்று கேட்டார்கள். கரு உண்டான முதல் 8 வாரத்துக்குள்ளேயே இதயம் ஏறக்குறைய உருவாகி முடிந்துவிடுகிறது. பல பெண்களுக்கு, உண்டாகியிருக்கிறோம் என்று தெரிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். அதற்குப் பிறகு வந்த கிரகணம் அதை என்ன செய்யும்? என் கணவர் எனக்கு அத்தை மகன், அதையும் பிடித்துக்கொண்டார்கள். நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் பிறவி இதயக் கோளாறுக்கான வாய்ப்பு ஓரளவு கூடுகிறது என்பது உண்மை, ஆனால் ஒரு குறிப்பிட்ட குழந்தைக்கு அதுதான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது என்று டாக்டர் விளக்கினார். பிறக்கும் 100 குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு ஏதாவது ஒரு இதயக் கோளாறு இருக்கிறது. பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தெரிவதில்லை. இந்தப் பேச்சிலிருந்து என்னைக் காப்பாற்றியது என் தம்பி. யாராக இருந்தாலும் தகவலுக்கு அவனைத்தான் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டோம். தினமும் சாயங்காலம் குடும்ப வாட்ஸாப் குழுவில் இரண்டு வரி போடுவான். எங்கள் போனில் அதன் பிறகு டாக்டர் அழைப்பும் பேங்க் அழைப்பும் மட்டும்தான்.

எங்கள் பக்கம் தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். என் அம்மா வீடு சங்கரன்கோவில். "பிள்ளையப் பெத்தெடுக்க மெட்ராசுக்காப் போவாவ? ஊர்ல என்ன சொல்லுவாவ?" என்று அம்மா அழுதாள். இங்கே பெற்று, உடனே ஆம்புலன்ஸில் கொண்டுபோனால் என்ன என்று அப்பாவும் கேட்டார். பச்சிளங்குழந்தைகளைக் கொண்டுபோக வசதியுள்ள ஆம்புலன்ஸ்கள் இருக்கின்றன. ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்துகொண்டே வருகிற பிள்ளையை ராத்திரி முழுக்க ரோட்டில் கொண்டுபோவதும், அதே பிள்ளையைப் பத்திரமாக வயிற்றில் வைத்துக்கொண்டு நான் ரயிலில் போவதும் ஒன்றா? இதை எடுத்துச் சொன்னது என் மாமியார். வளைகாப்பு வேண்டாம் என்று சிலர் சொன்னபோதும் அத்தைதான் மறுத்தார். "பிள்ளை வயித்துல நல்லாத்தான இருக்கு? அதுக்குச் செய்ய வேண்டியதச் செய்வோம்" என்று ஏழாம் மாதம் வளையல் அடுக்கினார். அது எனக்கு எவ்வளவு பெரிய பலமாக இருந்தது என்று வார்த்தையில் சொல்ல வராது. உங்கள் வீட்டில் இப்படி ஒரு பெண் இருந்தால், வரைந்த தாளை முதலில் அவரிடம் காட்டுங்கள்.

மருத்துவமனையைத் தேடும்போது ஒன்றைக் கவனித்தோம். இதய ஆபரேஷனுக்குப் பெயர் பெற்ற சில இடங்களில் பிரசவ வார்டே கிடையாது. பிரசவத்துக்கு நல்ல இடங்களில் குழந்தை இதய அறுவை சிகிச்சை இல்லை. இரண்டும் ஒரே வளாகத்தில் இருக்கிற இடம் கிடைத்தால் பாதிக் கவலை போய்விடும். எங்களுக்குச் சென்னையில் அப்படி அமைந்தது. 36வது வாரம், டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு பொதிகை ரயிலில் கீழ்ப் படுக்கையில் போய்ச் சேர்ந்தேன். தாம்பரத்தில் சித்தி வீடு இருந்தது.

பணம். தனியாரில் கையிலிருந்து கட்டினால் பல லட்சம். எங்களிடம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. பிள்ளை பிறந்த பிறகு அட்டைக்கு அலைய நேரமே கிடைக்காது. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றிலும் பெயர் எழுத்து ஒத்துப்போகிறதா என்று ஏழாம் மாதத்திலேயே பாருங்கள். சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் இதற்கென்று ஒரு கவுண்டர் இருக்கும். ஆபரேஷனுக்கு எவ்வளவு ஒதுக்கீடு, ஐசியுவில் நாள் கூடினால் என்ன செய்வது என்று அங்கேயே முன்கூட்டி உட்கார்ந்து பேசுங்கள். கம்பெனி இன்ஷூரன்ஸ் இருப்பவர்கள், பிறந்த நாளிலிருந்தே குழந்தைக்கு உண்டா, பிறவியிலேயே உள்ள உள்ளுறுப்புக் கோளாறுக்கு உண்டா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பக்கத்து மாநிலமான கேரளத்தில் 2017லிருந்து ஹிருதயம் என்ற திட்டத்தில் இத்தகைய குழந்தைகளுக்கு இலவசமாகச் செய்கிறார்கள். செங்கோட்டை தாண்டிச் சொந்தபந்தம் இருப்பவர்கள் நிறைய இருப்பதால் சொல்கிறேன்.

அப்புறம் பிக்மி எண். கர்ப்பத்தை அரசுப் பதிவில் ஏற்றி ஊர் நர்சம்மா கொடுப்பது. வேறு மாவட்டத்தில் பிரசவம் என்றாலும் பிறப்புப் பதிவுக்கு அதைக் கேட்பார்கள். ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

பிரசவத்துக்கு முன்பு குழந்தைகள் இதய ஐசியுவை ஒரு தடவை பார்க்க முடியுமா என்று கேட்டோம். ஒரு சிஸ்டர் கூட்டிப்போய்க் காட்டினார். ஆபரேஷன் முடிந்த ஒரு குழந்தையின் மேல் எத்தனை குழாய், எத்தனை வயர் என்று அன்றே பார்த்துவிட்டேன். அழுதேன். ஆனால் பிற்பாடு என் பிள்ளையை அப்படிப் பார்த்தபோது எந்தக் குழாய் எதற்கு என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"சிசேரியன்தானே?" என்று கேட்காதவர்கள் இல்லை. இதயக் கோளாறுக்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. 39வது வாரம் மருந்து கொடுத்து வலி வரவைத்துச் சுகப்பிரசவம். ஆள் எல்லோரும் தயாராக இருக்கிற பகல் நேரத்தில் பிறக்கும்படி திட்டமிட்டார்கள். நல்ல சத்தமாக அழுதான். பையன் என்று அப்போதுதான் தெரியும். இந்தக் கோளாறு ஆண் குழந்தைகளுக்குத்தான் அதிகம். ஒரு நிமிஷம் என் நெஞ்சில் வைத்தார்கள். நம் நிறத்தில் நீலம் தோலில் அவ்வளவாகத் தெரியாது, உதட்டையும் நாக்கையும் பார்க்க வேண்டும். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. என் கணவர் பிள்ளையோடு ஓடினார், அம்மா என்னோடு இருந்தாள். இதை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: தாய்க்கு ஒரு ஆள், பிள்ளைக்கு ஒரு ஆள்.

தொப்புள் வழியாக ஒரு மெல்லிய குழாய் போட்டு ப்ராஸ்டாகிளாண்டின் சொட்டு மருந்து தொடங்கினார்கள். மூடப் பார்க்கிற அந்த இணைப்பைத் திறந்தே வைத்திருக்க இதுதான் மருந்து. இதனால் காய்ச்சல் வரலாம், சில குழந்தைகளுக்கு மூச்சே கொஞ்ச நேரம் நின்று நின்று வரும். எங்கள் பிள்ளைக்கும் வந்தது, வெண்டிலேட்டர் வைத்தார்கள். முன்பே சொல்லியிருந்ததால் தாங்க முடிந்தது. ஆக்சிஜன் அளவு அறுபதுகளிலேயே நின்றதால் அன்று ராத்திரியே பலூன் வைத்து மேலறைகளுக்கு இடையில் உள்ள துவாரத்தைப் பெரிதாக்கினார்கள். கத்தி வைப்பதில்லை, ரத்தக் குழாய் வழியாகவே செய்கிறார்கள். திரையில் எண் எண்பதைத் தொட்டதை என் கணவர் போனில் படம் பிடித்து எனக்கு அனுப்பினார்.

எங்கள் பக்கம் பிறந்த பிள்ளைக்குச் சேனை வைப்பார்கள், நாக்கில் இனிப்பைத் தொட்டு வைப்பது. பாட்டி ஒருத்தி சீனித்தண்ணியோடு வந்து வாசலில் காத்திருந்தார். பாதுகாவலரிடம் சொல்லி நிறுத்த வேண்டியதாயிற்று. வாய் வழியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது என்றிருக்கும் பிள்ளைக்கு அது ஆபத்து. அதற்குப் பதில் ஒரு சிஸ்டர் எனக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தார். மார்பைக் கையாலேயே அழுத்திச் சீம்பாலை எடுப்பது. முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், மஞ்சளாக, பிசுபிசுப்பாக. ஊசி போடாத சிறிய சிரிஞ்சில் அதை உறிஞ்சி, பெயரும் நேரமும் எழுதி ஒட்டிக் கொடுத்தேன். ஐசியுவில் பஞ்சில் தொட்டு அவன் கன்னத்தின் உட்பக்கம் தடவினார்கள். குடிக்க முடியாத பிள்ளைக்கும் இப்படித் தடவலாம். அதன் பிறகு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியும், பம்ப் வைத்து எடுத்தேன். பிள்ளை சப்பாவிட்டால் பால் வற்றிவிடும், பம்ப் வைத்தால்தான் தொடர்ந்து சுரக்கும். எனக்குச் செய்ய ஒரு வேலை இருந்தது என்பதே அந்த நாட்களில் பெரிய ஆறுதல். உட்கார்ந்து அழுவதற்கும் அந்த வேளைகள் உதவின.

இரண்டாவது வாரம் ஆபரேஷன். "கொஞ்சம் வளர்ந்து தெம்பான பிறகு செய்யக் கூடாதா?" என்று அப்பா கேட்டார். கூடாது. நுரையீரலுக்கு ரத்தம் அனுப்புவது லேசான வேலை. இடது அறை அதையே செய்துகொண்டிருந்தால் சில வாரங்களில் அதன் தசை மெலிந்துபோகும், பிறகு உடம்பு முழுக்க ரத்தம் தள்ளுகிற வேலையைக் கொடுத்தால் தாங்காது. ஆபரேஷனில் இரண்டு பெரிய குழாய்களையும் வெட்டி இடம் மாற்றித் தைக்கிறார்கள். அதைவிட நுணுக்கமானது, இதயத்துக்கே ரத்தம் கொடுக்கிற கரோனரி குழாய்களைப் பெயர்த்துப் புது இடத்தில் வைப்பது. பச்சைப் பிள்ளையின் கைமுட்டி அளவே உள்ள இதயத்தில் இதைச் செய்கிறார்கள். முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்தவர் பிரேசிலைச் சேர்ந்த அடிப் ஜாட்டினி, 1975ல். எந்தச் சிகிச்சையும் கிடைக்காத டிஜிஏ குழந்தைகளில் பத்தில் ஒன்பது முதல் வருடம் முடியும் முன்பே இறந்துவிடும். என் பாட்டிக்கு நீலம் பாரித்துச் செத்துப்போன ஒரு தலைச்சன் பிள்ளை உண்டு. அதற்கு என்ன இருந்தது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் ஆபரேஷன் நடந்த பகல் முழுக்க நான் அந்தப் பிள்ளையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரத்தத்துக்கு ஆள் முன்பே பேசி வையுங்கள். தென்காசிப் பையன்கள் சென்னையில் வேலை பார்ப்பவர்கள் வரிசையாக வந்து கொடுத்தார்கள்.

ஆபரேஷன் முடிந்த அன்று அவன் நெஞ்சை முழுதாக மூடவில்லை. உள்ளே வீக்கம் வடியட்டும் என்று ஒரு மெல்லிய சவ்வுத்துணியால் மூடி வைத்து, பிறகுதான் தைத்தார்கள். முகமெல்லாம் உப்பி, அடையாளமே தெரியவில்லை. ஆனால் உதடு சிவந்திருந்தது. வெண்டிலேட்டர் எடுத்த பிறகு மூக்குக் குழாயில் பால், அப்புறம் பாலாடையில், அதன் பிறகு நேராக. நேராகக் குடிக்க அவனுக்குக் களைப்பாக இருந்தது, நாள் பிடித்தது. அவசரப்படுத்தாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் பெரிய சண்டை குளிப்பாட்டுவதில்தான். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்து, கையைக் காலை இழுத்து உருவி, தலைகீழாகத் தூக்கிக் குளிப்பாட்டுகிற வழக்கம் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது. நெஞ்செலும்பு ஒன்று சேர ஆறு வாரமாவது ஆகும். அதுவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது, கழுத்துக்கும் பிட்டத்துக்கும் அடியில் கை வைத்து அள்ளித் தூக்க வேண்டும். இதை டிஸ்சார்ஜ் அன்றே அம்மாவையும் அத்தையையும் கூட வைத்துக்கொண்டு சிஸ்டரைச் செய்து காட்டச் சொன்னோம். நாங்கள் சொன்னால் கேட்காதவர்கள் சிஸ்டர் சொன்னதும் கேட்டார்கள். உரை மருந்து, வசம்பு, கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். பார்க்க வருகிறவர்கள் முத்தம் கொடுக்காமல் பார்த்தால் போதும். தடுப்பூசி எதை எப்போது போடுவது என்று இதய டாக்டரிடம் எழுதி வாங்கி ஊர் நர்சம்மாவிடம் கொடுங்கள்.

இப்போது அவனுக்கு நாலு வயசு. மருந்து ஒன்றும் இல்லை, பால்வாடியில் ஓடுகிறான். ஆனாலும் வருடத்துக்கு ஒரு தடவை எக்கோ உண்டு. தைத்த இடத்தில் நுரையீரல் குழாய் குறுகுகிறதா, மகாதமனியின் அடிப்பாகம் விரிகிறதா, கரோனரி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நல்லாத்தானே இருக்கிறான் என்று இதை விட்டுவிடக் கூடாது, கடைசி வரை தொடர வேண்டியது. அடுத்த குழந்தை என்று வந்தால் 18வது வாரத்தையொட்டி எனக்கு நேராக ஃபீட்டல் எக்கோதான் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. ஆபரேஷன் குறிப்பையும் தனியாகக் கேட்டு வாங்குங்கள். கரோனரி எப்படிக் கிளம்பியது, எப்படி மாற்றி வைத்தார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அவனுக்கு 25 வயதில் எந்த ஊரில் நெஞ்சு வலி என்று போய் நின்றாலும் அந்த டாக்டர் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான். நாங்கள் ஒரு நகல் வீட்டிலும், ஒன்று தம்பியிடமும், ஒன்று போனிலும் வைத்திருக்கிறோம்.